கிழங்கு தோண்டும் பாட்டிமார்களும் மனித ஆயுளும்: கிறிஸ்டன் ஹாக்ஸின் ஆய்வுகள் குறித்து ஒரு விவாதம்

தாழை (இழையைத் தொடங்கியவர்)

வேட்டைதான் மனிதனை மனிதனாக்கியது என்ற கருத்தைப் பாடப்புத்தகங்களிலும் அருங்காட்சியகச் சுவரோவியங்களிலும் நாம் எல்லோரும் பார்த்து வளர்ந்திருக்கிறோம். ஈட்டி ஏந்திய ஆண்கள் முன்னே நடக்க, பெண்கள் குழந்தைகளோடு குகை வாசலில் காத்திருப்பார்கள். முதியவர்கள் அந்த ஓவியங்களில் பெரும்பாலும் இருக்கவே மாட்டார்கள். இந்தக் காட்சியைத் தராசும் கடிகாரமும் கொண்டு சோதித்துப் பார்த்த ஆய்வாளர்களில் முதன்மையானவர் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மானிடவியலாளர் கிறிஸ்டன் ஹாக்ஸ். அவருடைய பணி தமிழில் போதிய அளவு பேசப்படவில்லை என்பதால் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

ஹாக்ஸ் சார்ந்திருக்கும் துறையை மனித நடத்தைச் சூழலியல் என்று சொல்லலாம். பறவைகளும் பூச்சிகளும் இரை தேடுவதை ஆராய உருவான முறைகளை மனிதர்களுக்குப் பொருத்திப் பார்ப்பது இதன் தொடக்கம். ஒரு குறிப்பிட்ட சூழலில் வாழும் ஒருவர் ஒரு மணி நேரத்தை இந்த வேலையில் செலவிட்டால் என்ன கிடைக்கிறது, அதே நேரத்தை வேறொன்றில் செலவிட்டிருந்தால் என்ன கிடைத்திருக்கும், அந்த வேறுபாடு அவருடைய பிள்ளைகளின் வளர்ச்சியிலும் உயிர்வாழ்விலும் எப்படி எதிரொலிக்கிறது என்பனவே இத்துறையின் அடிப்படைக் கேள்விகள். 1980களின் தொடக்கத்தில் பராகுவேயின் கிழக்குக் காடுகளில் வாழும் ஆச்சே மக்களிடையே கிம் ஹில், ஜேம்ஸ் ஓகானல் ஆகியோருடன் சேர்ந்து ஹாக்ஸ் செய்த ஆய்வு, எந்த உணவை எடுப்பது, எதைக் கண்டும் விட்டுச் செல்வது என்று அம்மக்கள் எடுக்கும் முடிவுகளைக் கலோரிக் கணக்கில் பெருமளவுக்கு விளக்க முடியும் என்று காட்டியது.

அதன் பிறகு அவர் ஓகானலுடனும் நிக்கோலஸ் பிளர்ட்டன் ஜோன்ஸுடனும் வடக்குத் தான்சானியாவில் ஏயாசி ஏரியைச் சுற்றி வாழும் ஹாட்சா மக்களிடம் சென்றார். ஹாட்சா மக்கள் ஏறத்தாழ ஆயிரம் பேர் மட்டுமே. அவர்களில் ஒரு சிறு பகுதியினர் வேட்டை, தேன், கிழங்கு, காட்டுப்பழங்கள், பெருக்கமரத்துக் காய்கள் ஆகியவற்றை நம்பியே பெரும்பாலும் வாழ்கிறார்கள். 1985–86இல் இந்தக் குழு அவர்களோடு தங்கி, யார் எத்தனை மணி நேரம் உணவு தேடினார், எவ்வளவு கொண்டுவந்தார் என்று குறித்துக்கொண்டது. முகாமுக்கு வந்த உணவை எடை போட்டது. பருவத்துக்குப் பருவம் குழந்தைகளின் எடையையும் பதிவு செய்தது.

ஹாட்சா பெண்கள் தோண்டும் முக்கியமான கிழங்கு ஒன்று பாறை இடுக்குகளுக்கு அடியில் ஆழமாக வளர்கிறது. கொடி எங்கே மண்ணுக்குள் இறங்குகிறது என்று பார்த்து, கோலால் தரையைத் தட்டி, எழும் ஓசையைக் கொண்டு கிழங்கு இருக்கும் இடத்தை அனுமானிக்கிறார்கள். கூராகச் சீவிய கோலால் மண்ணைக் கிளறி, வழியில் இருக்கும் கற்களை நெம்பி வெளியே தள்ள வேண்டும். கல் பெரிதாக இருந்தால் இரண்டு பெண்கள் சேர்ந்து நெம்ப வேண்டும். எடுத்த கிழங்கைச் சில நிமிடங்கள் தீயில் வாட்டி, தோலை உரித்து மென்று, சாற்றையும் மாவையும் விழுங்கிவிட்டு நாரைத் துப்புகிறார்கள். ஹாட்சாக் குழந்தைகள் மிகச் சிறுவயதிலேயே பழம் பறிப்பார்கள், மேலாக இருக்கும் சிறு கிழங்குகளைத் தோண்டுவார்கள், தங்கள் தேவையில் கணிசமான பகுதியைத் தாங்களே தேடிக்கொள்வார்கள். ஆனால் இந்த ஆழக்கிழங்கை எடுக்க அவர்களுடைய கையில் வலு கிடையாது. எனவே, பால்குடி மறந்த ஒரு குழந்தைக்கு வறட்சிக் காலத்தில் இந்தக் கிழங்கை யாராவது ஒரு பெரியவர் தோண்டித் தந்தாக வேண்டும்.

தோண்டித் தருபவர் யார் என்று கணக்கெடுத்தபோதுதான் முதிய பெண்கள் வெளிச்சத்துக்கு வந்தார்கள். மாதவிடாய் நின்று பல ஆண்டுகள் கழிந்த, அறுபதைத் தாண்டிய ஹாட்சாப் பெண்கள் இளம் தாய்மார்களைவிடக் குறைவாக உழைக்கவில்லை; சில பருவங்களில் அதிக நேரம் உழைத்தார்கள். இந்த முடிவு 1989இல் வெளியானது. 1997இல் வெளியான அடுத்த கட்டுரை இன்னும் நுட்பமானது. கைக்குழந்தை இல்லாத தாயின் விஷயத்தில், அவர் எவ்வளவு நேரம் உணவு தேடுகிறார் என்பதோடு அவருடைய பால்குடி மறந்த பிள்ளையின் எடை வளர்ச்சி பொருந்தி நின்றது. அதே தாய்க்கு அடுத்த குழந்தை பிறந்ததும், அவர் வெளியே செல்லும் நேரம் குறைந்து, மூத்த பிள்ளையின் வளர்ச்சி பாட்டியின் உழைப்போடு பொருந்தத் தொடங்கியது.

மற்ற பெரிய வாலில்லாக் குரங்குகளில் ஒரு குட்டி தன் உணவைத் தானே தேடிக்கொள்ளும்வரை தாய்க்கு அடுத்த குட்டி பிறப்பதில்லை. சிம்பன்சிகளில் இந்த இடைவெளி ஐந்து ஆண்டுகளுக்கு மேல் நீள்கிறது. மனிதப் பெண்கள் மூன்று அல்லது நான்கு ஆண்டுகளில் அடுத்த குழந்தையைப் பெறுகிறார்கள், முந்தைய குழந்தை இன்னும் பிறர் கையை எதிர்பார்த்திருக்கும்போதே. இது எப்படிச் சாத்தியமாயிற்று, பிள்ளைப்பேறு முடிந்த பிறகும் பெண்கள் பல பத்தாண்டுகள் ஏன் வாழ்கிறார்கள் என்னும் இரண்டு கேள்விகளுக்கும் ஹாக்ஸும் அவருடைய குழுவும் 1998இல் ஒரே விடையை முன்வைத்தார்கள். அதுவே இன்று பாட்டிக் கருதுகோள் என்று அறியப்படுகிறது. திடகாத்திரமாக நீண்ட காலம் வாழ்ந்த பெண்கள் தம் மகள்களின் பிள்ளைகளுக்கு உணவு தேடித் தந்தார்கள். அந்த மகள்கள் விரைவில் அடுத்த குழந்தையைப் பெற்றார்கள். இவ்வாறு நீண்ட ஆயுளுக்குக் காரணமான மரபுக்கூறுகள் தலைமுறை தோறும் பெருகின.

ஹாக்ஸின் பணியில் மிக உறுதியான பகுதி ஹாட்சா முகாமில் போடப்பட்ட எடைக்கணக்கு என்பது என் எண்ணம். அந்தக் கணக்கிலிருந்து, நம் மூதாதை இனமான ஹோமோ எரெக்டஸ் தோன்றிய, ஏறத்தாழ இருபது லட்சம் ஆண்டுகளுக்கு முந்தைய காலத்தைப் பற்றி எவ்வளவு தூரம் பேசலாம் என்பது தனியாக விவாதிக்க வேண்டியது. அந்த விவாதத்துக்கே உங்களை அழைக்கிறேன்.

மருதம்

மிகச் சிறந்த தொடக்கம். எனக்கு அடிப்படையான ஓர் ஐயம் இருக்கிறது. நவீன மருத்துவம் வருவதற்கு முன் மனிதர்களின் சராசரி ஆயுள் முப்பது, முப்பத்தைந்துதான் என்று படித்திருக்கிறேன். அப்படியிருக்க, இயற்கைத் தேர்வு செயல்படும் அளவுக்குப் பாட்டிமார்கள் இருந்திருப்பார்களா? மாதவிடாய் நின்ற பிறகான வாழ்வு என்பதே அண்மைக் காலத்துச் சுகாதார வசதிகள் தந்ததுதானே?

தாழை

மருதம் அவர்களே, இந்த ஐயம் பலருக்கும் உண்டு என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். சராசரி ஆயுள் முப்பத்து மூன்று என்றால் மக்கள் முப்பத்து மூன்றாவது வயதில் இறந்தார்கள் என்று பொருளாகாது. பிறந்த முதல் சில ஆண்டுகளில் இறக்கும் குழந்தைகள் அந்தச் சராசரியைக் கீழே இழுத்துவிடுகிறார்கள். ஹாட்சா மக்களிடையே பிறக்கும்போதுள்ள சராசரி ஆயுள் எதிர்பார்ப்பு முப்பதுகளின் தொடக்கத்தில்தான் இருக்கிறது. ஆனால் நாற்பத்தைந்து வயதை எட்டிய ஹாட்சாப் பெண் அதன் பிறகு சராசரியாக இருபது ஆண்டுகள் வாழ்கிறார் என்று பிளர்ட்டன் ஜோன்ஸின் மக்கள்தொகைக் கணக்குகள் காட்டுகின்றன. மைக்கேல் கர்வனும் ஹில்லார்ட் கேப்லனும் 2007இல் வேட்டையாடி உணவு சேகரிக்கும் பல மக்களின் தரவுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, வயது வந்தவர்கள் மிக அதிகமாக இறக்கும் வயது எழுபதை ஒட்டியிருந்தது. மருத்துவமனையும் தடுப்பூசியும் பெரும்பாலும் எட்டாத சமூகங்கள் இவை. சிம்பன்சிகளிலோ, காட்டில் வாழும் பெண் விலங்குகளில் மிகச் சிலவே ஐம்பதைக் காண்கின்றன.

இதை ஒட்டி இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பாட்டிக் கருதுகோள் என்றதும், பேரக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வதற்காகப் பெண்களின் கருவளம் முன்கூட்டியே நின்றுவிடுகிறது என்று பலர் புரிந்துகொள்கிறார்கள். 1957இல் பரிணாம உயிரியலாளர் ஜார்ஜ் வில்லியம்ஸ் முன்வைத்த கருத்து அதற்கு நெருக்கமானது: வயது கூடக் கூடப் பிரசவம் ஆபத்தாகிறது, எனவே ஒரு கட்டத்தில் புதிதாகப் பெறுவதைவிடப் பெற்றவற்றை வளர்ப்பதே மேல் என்றார் அவர். ஹாக்ஸின் வாதம் இதன் மறுபக்கத்திலிருந்து தொடங்குகிறது. சிம்பன்சிக்கும் மனிதப் பெண்ணுக்கும் கருவளம் முடிவது ஏறத்தாழ ஒரே வயதில், நாற்பதுகளின் நடுவில்தான். நம் பரம்பரையில் அந்த வயது முன்னால் நகரவில்லை. உடலின் மற்ற உறுப்புகள் தளரும் வயதுதான் பின்னால் தள்ளிப்போயிருக்கிறது. ஆகவே ஆயுள் ஏன் நீண்டது என்பதே விளக்கப்பட வேண்டிய செய்தி என்கிறார் அவர்.

ஆய்வுமேசை

தாழை அவர்களின் தொகுப்பு தெளிவாக இருக்கிறது. ஆயினும் இந்தக் கருதுகோள் சந்தித்த எதிர்ப்புகளையும் அதே அளவு தெளிவோடு இங்கே பதிவு செய்ய வேண்டும்.

ஹாக்ஸோடு ஆச்சே மக்களிடையே பணியாற்றிய கிம் ஹில்லும், அதே மக்களை ஆராய்ந்த மக்தலேனா உர்த்தாதோவும் 1991இலேயே இதை ஆச்சே தரவுகளைக் கொண்டு சோதித்தார்கள். பேரப்பிள்ளைகளுக்கு உதவுவதால் ஒரு முதிய பெண் பெறும் மரபுவழி ஆதாயம், அவரே தொடர்ந்து பிள்ளை பெற்றிருந்தால் கிடைத்திருக்கக்கூடிய ஆதாயத்துக்கு ஈடாகவில்லை என்று அவர்கள் கண்டார்கள். பின்னர் 2000இல் கேப்லன், ஹில், லங்காஸ்டர், உர்த்தாதோ ஆகிய நால்வரும் ஒரு மாற்று விளக்கத்தை வைத்தார்கள். மனிதர்கள் உண்ணும் உணவு பெறுவதற்குக் கடினமானது. அதைப் பெறும் திறமையைக் கற்க இருபது ஆண்டுகள் பிடிக்கும். அந்த நீண்ட முதலீட்டைத் திரும்ப எடுக்க நீண்ட ஆயுள் தேவைப்படுகிறது. அதனால்தான் பெரிய மூளையும் நீண்ட ஆயுளும் சேர்ந்தே வளர்ந்தன. இந்த விளக்கத்தில் வேட்டையாடும் ஆணின் உழைப்புக்கு முக்கிய இடம் உண்டு.

கணிதப் பக்கத்திலும் பிணக்கு இருக்கிறது. 2011இல் கேஷல், பிரீமோ, உப்ளான் ஆகியோர் உருவாக்கிய கணினி மாதிரியில் பாட்டியின் உதவி குழந்தை பெறும் வேகத்தைக் கூட்டியதே தவிர, ஆயுளை நீட்டவில்லை. புதைபடிவப் பக்கத்தில், பற்களின் தேய்மானத்தை வைத்து இளையோர்–முதியோர் விகிதத்தைக் கணக்கிட்ட ரேச்சல் காஸ்பரியும் சாங் ஹீ லீயும் 2004இல் எழுதிய கட்டுரைப்படி, முதியோரின் பங்கு திடீரென்று உயர்வது ஐரோப்பாவின் பிற்காலப் பழங்கற்காலத்தில், அதாவது சில பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன்புதான். ஹாக்ஸ் குழு இந்த மாற்றத்தை ஹோமோ எரெக்டஸ் காலத்தில் வைக்கிறது. இந்த இரண்டுக்கும் இடையே பதினைந்து லட்சம் ஆண்டுகளுக்கும் மேலான இடைவெளி இருக்கிறது.

பாட்டி இன்று உதவுகிறார் என்பதை நான் மறுக்கவில்லை. ஒரு நடத்தை இன்று பயன் தருகிறது என்பதிலிருந்து அந்தப் பயனுக்காகவே ஓர் உடற்கூறு தோன்றியது என்ற முடிவுக்கு நேரே தாவ முடியாது என்பதே என் வாதம்.

கொன்றை

நான் கிராமப்புறத்தில் பிரசவம் பார்க்கும் செவிலி. ஆய்வுத் துறையில் எனக்குப் பயிற்சி கிடையாது; ஆனால் தாழை அவர்கள் எழுதிய 1997ஆம் ஆண்டுக் கட்டுரையின் செய்தியைப் படித்ததும் எங்கள் வார்டு கண்முன்னே வந்தது. இரண்டாவது பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வந்திருக்கும் பெண் பச்சைக் குழந்தையோடு கட்டிலில் கிடப்பாள். இரண்டு வயது மூத்த பிள்ளை அம்மாவைக் கேட்டு அழும். அந்தப் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு வராந்தாவில் நடந்து, ரசம் விட்டுப் பிசைந்த சோற்றை வாயில் ஊட்டிவிடுபவர் பெரும்பாலும் அந்தப் பெண்ணைப் பெற்ற அம்மாதான். மூத்த பிள்ளையின் எடை அட்டையைப் பார்த்தாலே அம்மாச்சி துணை இருக்கிறதா இல்லையா என்று எங்களால் ஓரளவு ஊகிக்க முடிகிறது.

என் கேள்வி இதுதான். ஹாக்ஸின் கருதுகோளில் பாட்டி என்றால் அம்மாவைப் பெற்றவரா, அப்பாவைப் பெற்றவரா? இரண்டு பேரும் ஒரே மாதிரி உதவுகிறார்கள் என்று சொல்ல எனக்குத் தயக்கமாக இருக்கிறது.

தாழை

கொன்றை அவர்களே, நீங்கள் கேட்டது இந்தத் துறையில் பலர் பல ஆண்டுகள் உழைத்த கேள்வி. காம்பியாவின் கிராமங்களில் 1950 முதல் 1974 வரை சேகரிக்கப்பட்ட பதிவுகளை ரெபேக்கா சியரும் ரூத் மேஸும் ஆராய்ந்தபோது, அம்மாவைப் பெற்ற பாட்டி உயிரோடு இருந்த குழந்தைகள் நல்ல ஊட்டத்தோடு இருந்தார்கள். பால்குடி மறக்கும் பருவத்தில் பிழைத்திருக்கும் வாய்ப்பும் அவர்களுக்குக் கூடுதலாக இருந்தது. அப்பாவைப் பெற்ற பாட்டியால் அத்தகைய வேறுபாடு தெரியவில்லை. தந்தை உயிரோடு இருந்தாரா இல்லையா என்பதுகூடக் குழந்தையின் பிழைப்பில் பெரிய மாற்றத்தை உண்டாக்கவில்லை. வடமேற்கு ஜெர்மனியின் கிரம்ஹோர்ன் பகுதியில் 18, 19ஆம் நூற்றாண்டுத் தேவாலயப் பதிவேடுகளை எடுத்துக்கொண்ட எக்கார்ட் வோலண்டும் யான் பைசேயும் இதைவிடக் கடுமையான முடிவுக்கு வந்தார்கள்: தாய்வழிப் பாட்டி இருந்தால் குழந்தை இறப்பு குறைந்தது, தந்தைவழிப் பாட்டி இருந்தால், குறிப்பாகப் பிறந்த முதல் மாதத்தில், அது கூடியது. மாமியாரோடு ஒரே வீட்டில் இருந்த கர்ப்பிணியின் மன அழுத்தமும் வேலைச் சுமையும் காரணமாக இருக்கலாம் என்று அவர்கள் கருதினார்கள். இந்தியாவிலேயே, தாய்வழி மரபைப் பின்பற்றும் காசி (Khasi) பழங்குடி மக்களையும் தந்தைவழி மரபைப் பின்பற்றும் வங்காளிகளையும் வடகிழக்கில் ஒப்பிட்டு டோனா லியோனெட்டியின் குழு ஆய்வு செய்திருக்கிறது. பாட்டியின் பங்கு உறவுமுறை அமைப்பைப் பொறுத்து மாறுவதை அதிலும் காணலாம். சியரும் மேஸும் 2008இல் நாற்பத்தைந்து சமூகங்களின் ஆய்வுகளைத் தொகுத்தபோது, எல்லா இடத்திலும் தாய் இன்றியமையாதவர், பெரும்பாலான இடங்களில் தாய்வழிப் பாட்டி உதவுபவர், மற்ற உறவினர்களின் பங்கு இடத்துக்கு இடம் வேறுபடுகிறது என்பதே கிடைத்த சித்திரம்.

ஆய்வுமேசை அவர்களுக்கு: கேஷல் குழுவின் மாதிரிக்குப் பதிலாகப் பீட்டர் கிம், ஜேம்ஸ் காக்ஸ்வொர்த், ஹாக்ஸ் ஆகியோர் 2012இல் ஒரு மாதிரியை வெளியிட்டார்கள். சிம்பன்சியின் ஆயுளோடு தொடங்கி, கருவளம் முடிந்த பெண்களில் மிகச் சிலரே பேரப்பிள்ளைகளுக்கு உதவுவதாக வைத்துக்கொண்டாலும், அறுபதாயிரம் ஆண்டுகளுக்குள் ஆயுள் மனிதர்களின் அளவுக்கு நீண்டுவிடுகிறது என்று அது காட்டியது. மூளை பெரிதாவதைப் பற்றிய அனுமானம் எதுவும் அந்த மாதிரிக்குத் தேவைப்படவில்லை. இரு மாதிரிகளும் எடுத்துக்கொண்ட தொடக்க நிலைகள் வேறானவை என்பதால், ஒன்று மற்றதைப் பொய்யாக்கிவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் 'கணக்கு ஒத்துவரவில்லை' என்ற வாதத்துக்கு இப்போது பழைய வலு இல்லை. ஆச்சே தரவைப் பொறுத்தவரை, முதிய பெண் தொடர்ந்து பிள்ளை பெற்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற ஒப்பீடே அங்கே செய்யப்பட்டது. ஹாக்ஸின் கேள்வி ஆயுளைப் பற்றியது என்று மேலே எழுதியதை இங்கே மீண்டும் நினைவுபடுத்த விரும்புகிறேன்.

நெடுவழி

பாட்டிமார்களைப் பற்றியே பேச்சு போய்க்கொண்டிருப்பதால், ஹாக்ஸின் ஆய்வில் ஆண்களைப் பற்றிய பகுதி விடுபட்டுவிடக் கூடாது. இரண்டும் ஒன்றோடொன்று பிணைந்தவை. ஏனென்றால், தந்தை கொண்டுவரும் இறைச்சி குடும்பத்தைத் தாங்கியிருந்தால் பாட்டிக்கு இவ்வளவு வேலை இருந்திருக்காது.

1991இல் வெளியான ஹாட்சா வேட்டைக் கணக்கின்படி, பெரிய விலங்குகளைக் குறிவைக்கும் ஒரு வேட்டைக்காரர் சராசரியாக மாதத்துக்கு ஒன்று என்ற அளவில்தான் விலங்கை வீழ்த்துகிறார். மற்ற நாள்களில் அவர் வேட்டையில் வெறுங்கையோடு திரும்புகிறார். வீழ்த்திய நாளிலும், ஒட்டகச்சிவிங்கியோ வரிக்குதிரையோ எதுவாக இருந்தாலும், இறைச்சி முகாம் முழுவதற்கும் பங்காகிறது. வேட்டையாடியவரின் பிள்ளைகளுக்கு அதில் பெரிய தனிப்பங்கு கிடைப்பதில்லை என்றே ஹாக்ஸ் குழு கணக்கிட்டது. சிறிய விலங்குகளைக் கண்ணி வைத்துப் பிடித்தால் என்ன ஆகும் என்றும் அவர்கள் சோதித்தார்கள். மொத்த இறைச்சியின் அளவு குறைந்தாலும், வெறுங்கையோடு திரும்பும் நாள்கள் குறைந்தன. தன் பிள்ளையின் வயிற்றை நாள்தோறும் நிரப்புவதே நோக்கம் என்றால் கண்ணிதான் நல்ல வழி. ஆனாலும் ஆண்கள் நச்சு தோய்ந்த அம்போடு பெரிய விலங்குகளின் பின்னால்தான் போகிறார்கள். எனவே வேட்டையின் பலன் இறைச்சியாக மட்டும் கிடைப்பதில்லை, பெயராகவும் மதிப்பாகவும் கிடைக்கிறது என்ற முடிவுக்கு ஹாக்ஸ் வந்தார்.

இதற்கும் மறுப்பு உண்டு. ஹாட்சா மக்களோடு பல ஆண்டுகள் பணியாற்றிய பிராங்க் மார்லோ 2003இல் காட்டியபடி, மனைவிக்குப் பச்சைக் குழந்தை இருக்கும் காலத்தில் கணவன்மார் வீட்டுக்குக் கொண்டுவரும் உணவு கூடுகிறது. 2013இல் பிரையன் வுட்டும் மார்லோவும், வேட்டைக்காரரின் சொந்தக் குடும்பத்துக்கு மற்றவர்களைவிட அதிகப் பங்கு போய்ச் சேருகிறது என்று தரவுகளோடு எழுதினார்கள். தேனும் சிறு விலங்குகளும் பெரிய இறைச்சியைப் போல ஊர்ப்பங்கு ஆவதில்லை என்பதையும் சேர்த்துப் பார்த்தால், ஹாட்சாத் தந்தையைப் பெயருக்காக மட்டும் ஓடுபவராகச் சித்திரிப்பது நியாயமாகாது. என் மதிப்பீட்டில், மதிப்புக்காகவே வேட்டை என்ற ஹாக்ஸின் வாதம் பாட்டிமார்களைப் பற்றிய வாதத்தின் அளவுக்கு உறுதியானது இல்லை.

ஆனால், செலவு மிகுந்த செயல் ஒருவரைப் பற்றிய நம்பத்தகுந்த செய்தியை ஊருக்குத் தருகிறது என்ற பொதுக் கருத்து பயனுள்ளது. அதைத் தமிழ்நாட்டிலேயே சோதித்த ஆய்வும் இருக்கிறது. லண்டன் பொருளாதாரப் பள்ளியைச் சேர்ந்த எலினார் பவர் தென்தமிழ்நாட்டின் இரண்டு கிராமங்களில் தங்கி, திருவிழாவில் தீ மிதிப்பது, அலகு குத்திக்கொள்வது போன்ற நேர்த்திக்கடன்களைச் செய்பவர்களையும் தவறாமல் வழிபடுபவர்களையும் அண்டை அயலார் எப்படி மதிக்கிறார்கள், யார் யாரிடம் உதவி கேட்கிறார்கள் என்று விரிவாகப் பதிவு செய்தார். 2017இல் வெளியான முடிவுகளின்படி, அத்தகையவர்கள் நற்குணம் உடையவர்களாகக் கருதப்படும் வாய்ப்பும், உதவி கொடுக்கல் வாங்கல் உறவுகளில் இணைந்திருக்கும் வாய்ப்பும் கூடுதலாக இருந்தன. ஹாட்சாக் காட்டில் எழுந்த ஒரு கேள்வியின் தொடர்ச்சி மாரியம்மன் கோயில் வாசலில் ஆராயப்பட்டிருப்பது நம் வாசகர்கள் அறிய வேண்டிய ஒன்று.

ஆய்வுமேசை

நெடுவழி குறிப்பிட்ட பிரையன் வுட்டின் பெயர் இன்னோர் இடத்திலும் வருகிறது. உகண்டாவின் கிபாலே தேசியப் பூங்காவில் உள்ள எங்கோகோ சிம்பன்சிக் கூட்டத்தைப் பற்றி அவர் தலைமையில் 2023இல் வெளியான கட்டுரை, அங்கே பெண் சிம்பன்சிகளில் குறிப்பிடத்தக்க ஒரு பகுதி கருவளம் முடிந்த பிறகும் பல ஆண்டுகள் வாழ்வதைச் சிறுநீரில் உள்ள ஹார்மோன் அளவுகளோடு நிறுவியது. அவற்றின் வயதுவந்த வாழ்நாளில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அத்தகைய காலம். சிம்பன்சிகளில் மகள்கள் பருவம் அடைந்ததும் பொதுவாக வேறு கூட்டத்துக்குப் போய்விடுகிறார்கள். எனவே பாட்டி மகளின் குட்டிக்கு உதவுவது என்பதற்கு அங்கே இடமே இல்லை. உணவு தாராளமாகக் கிடைத்து, சிறுத்தை போன்ற எதிரிகளும் இல்லாத இடத்தில், பாட்டியின் உதவி இல்லாமலே இந்த ஆயுள் நீட்சி தலைகாட்டுகிறது என்றால், மனிதர்களின் நீண்ட ஆயுளுக்குப் பாட்டிதான் தொடக்கக் காரணம் என்று சொல்வது கடினமாகிறது.

தாழை

எங்கோகோ முடிவை நானும் முக்கியமாகவே கருதுகிறேன். ஆனால் அது இரண்டு பக்கமும் பேசுகிறது. கருவளம் முடிந்த சில முதிய பெண்கள் நம் மூதாதையரிடையேயும் நல்ல சூழலில் இருந்திருக்கலாம் என்றால், பாட்டி உதவி தொடங்குவதற்குத் தேவையான முதல் பாட்டிமார்கள் எங்கிருந்து வந்தார்கள் என்ற கேள்விக்கு அதிலேயே ஒரு விடை கிடைக்கிறது. பழக்காடு சுருங்கி, குழந்தைகளால் தாமே எடுக்க முடியாத கிழங்கு போன்ற உணவுகளைச் சார்ந்து வாழ வேண்டிய வறண்ட நிலம் விரிந்தபோது, அந்தச் சிலருடைய உழைப்புக்குப் பயன் உண்டாயிற்று என்று ஹாக்ஸின் வாதத்தைத் தொடர முடியும். 1999இல் அவரும் ஓகானலும் பிளர்ட்டன் ஜோன்ஸும் ஹோமோ எரெக்டஸைப் பற்றி எழுதியது இந்த நிலமாற்றத்தை மையமாக வைத்துத்தான்.

மருதம்

இவ்வளவு படித்த பிறகு எனக்கு ஒரு நெருடல் ஏற்படுகிறது. ஹாட்சா மக்கள் இன்று நம்மோடு வாழும் மனிதர்கள். அவர்களை எடுத்து வைத்து இருபது லட்சம் ஆண்டுகளுக்கு முந்தைய இனத்தைப் பற்றிப் பேசுவது, அவர்களைக் காலத்தில் உறைந்தவர்களாக மாற்றுவதாகாதா?

நெடுவழி

மருதம் எழுப்பியது அவசியமான கேள்வி. கவனமான ஆய்வாளர்கள் ஹாட்சா மக்களை மூதாதையரின் பிரதி என்று எடுத்துக்கொள்வதில்லை. கடையும் வயலும் இல்லாத நிலத்தில் ஒரு மனித உடல் எதைத் தேடலாம், எதைத் தேட முடியாது, குழந்தையின் கைக்கு எட்டாதது எது என்பதைத்தான் அவர்களிடம் கற்கிறார்கள். கிழங்கின் ஆழமும் நான்கு வயதுக் குழந்தையின் தோள்வலுவும் எக்காலத்துக்கும் பொருந்தும் தடைகள். ஆனால் சுற்றுலா விளம்பரங்களிலும் சில ஊடகங்களிலும் 'கடைசி ஆதிமனிதர்கள்' என்று அவர்களை அழைப்பதைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. அவர்களுடைய நிலத்தின் பெரும்பகுதி மேய்ச்சலுக்கும் பயிருக்கும் கைமாறிப் போய்விட்டது. 2011இல்தான் யாயேடா பள்ளத்தாக்கின் ஒரு பகுதிக்குத் தான்சானிய அரசு அவர்களுக்கு மரபுவழி நில உரிமைப் பட்டா வழங்கியது. நிலம் இல்லாமல் போனால் ஆய்வாளர்களுக்குத் தரவு போய்விடும் என்பது அற்பமான கவலை. அந்தப் பாட்டிமார்களுக்குத் தோண்டுவதற்கு இடம் போய்விடும்.

ஆய்வுமேசை

நான் இன்னும் ஒரே ஒரு சான்றை முன்வைக்க விரும்புகிறேன். உயிரினங்கள் எப்போது முதிர்கின்றன, எப்போது இனம் பெருக்குகின்றன, எவ்வளவு காலம் வாழ்கின்றன என்பதை விளக்கும் உயிரியலாளர் எரிக் சார்னோவின் வாழ்க்கை வரலாற்றுக் கோட்பாட்டின்படி, ஆயுள் நீண்ட உயிரினம் தாமதமாகவே முதிர்ச்சி அடையும். ஹாக்ஸும் இதையே பயன்படுத்துகிறார். அப்படியானால் ஹோமோ எரெக்டஸ் பாட்டிகளைக் கொண்ட இனம் என்றால் அதன் குழந்தைகள் மெதுவாக வளர்ந்திருக்க வேண்டும். கென்யாவின் துர்க்கானா ஏரிக்கு மேற்கே 1984இல் கிடைத்த, ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுகள் பழமையான சிறுவனின் எலும்புக்கூட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பற்களின் எனாமலில் நாள்தோறும் படியும் நுண்கோடுகளை எண்ணிய கிறிஸ்டோபர் டீன் குழு 2001இல் வெளியிட்ட கட்டுரை, தொடக்ககால ஹோமோ இனங்களின் பற்கள் நம்முடையவற்றைவிட வேகமாக, வாலில்லாக் குரங்குகளுக்கு நெருக்கமான வேகத்தில் உருவாயின என்று சொல்கிறது. பன்னிரண்டு, பதின்மூன்று வயதுத் தோற்றம் கொண்ட அந்தச் சிறுவன் இறந்தபோது எட்டு வயதை ஒட்டித்தான் இருந்திருப்பான் என்று பற்கள் காட்டுகின்றன. தாமதமான முதிர்ச்சி இங்கே எங்கே?

தாழை

இந்த இழையில் வந்த எதிர்வாதங்களில் எனக்கு மிகக் கனமாகப் படுவது இதுதான். பல் முளைக்கும் வேகமும் உடல் முதிரும் வேகமும் எப்போதும் கைகோத்து நடப்பதில்லை என்று ஒரு பதில் சொல்லலாம். இலை தின்னும் குரங்குகளில் சிலவற்றுக்குப் பற்கள் முந்தி வந்துவிடுகின்றன. ஆனால் அந்தப் பதில் இந்தச் சிறுவனின் எலும்புகளுக்குப் பொருந்துமா என்பது வேறு. எலும்பின் வளர்ச்சி பல்லைவிட முன்னேறியிருந்தது என்றால், அவன் விரைவாக வளர்ந்தவன் என்றே கொள்ள வேண்டியிருக்கிறது. ஆகவே மாற்றம் ஹோமோ எரெக்டஸோடு ஒரே அடியாக நிகழ்ந்தது என்ற காலக்கணிப்பை நான் தளர்த்திக்கொள்ளத் தயார். பாட்டியின் உதவி அப்போது தொடங்கி, ஆயுளும் முதிர்ச்சியும் பின்னர் படிப்படியாக நீண்டிருக்கலாம். அந்த இடைக்காலத்தைச் சேர்ந்த குழந்தைப் பற்கள் இன்னும் கூடுதலாகக் கிடைத்து, அவற்றின் கோடுகள் எண்ணப்பட்டால்தான் இதில் மேலே போக முடியும். கொன்றை அவர்கள் தம் வார்டில் பார்க்கும் எடை அட்டைகளைப் பற்றி இன்னும் எழுதினால், ஹாட்சாக் குழந்தைகளின் எடை வளர்ச்சிப் பதிவுகளோடு சேர்த்து அடுத்த பதிவில் தனியாகப் பேசலாம்.